மாடியிலிருந்து இரண்டு தட்டு

நாங்கள் நின்ற எல்லாத் தொகுதியிலும் தோற்றோம். கடற்கரையை மட்டும் நம்பி நடக்கிற சின்னக் கட்சி, தோற்பது புதிதில்லை. ஆனால் இந்த முறை எங்கள் தலைவர் தன் சொந்தத் தெரு வாக்குச்சாவடியிலேயே மூன்றாவதாக வந்தார். வாக்கு எண்ணிய கல்லூரியிலிருந்து மத்தியானமே எழுந்து வந்துவிட்டார். கட்சி அலுவலகத்தின் மாடிதான் அவர் வீடு. பேசாமல் படியேறிப் போனார். இடது கால் செருப்பு கீழ்ப்படியிலேயே கழன்று கிடந்தது. அது கழன்றது அவருக்குத் தெரியவில்லை.

"அண்ணாச்சி, செருப்பு" என்று கூப்பிட்டேன்.

திரும்பவில்லை. ஒரு காலில் செருப்போடு, மற்றக் காலை இழுத்து இழுத்து ஏறினார். தோற்ற மனுசன் அப்படித்தான் நடப்பான் என்று நினைத்தேன். மடையன் நான். அதற்குப் பிறகு கீழே யாரும் அவரைப் பார்க்கவில்லை.

மறுநாள் மாடிப்படியின் கம்பிக் கதவில் பூட்டு தொங்கியது. சாவி தலைவரின் மனைவி இடுப்பில். அந்த அம்மாவின் தம்பி, அதாவது தலைவரின் மச்சான், கீழே அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே பதில் சொன்னான்.

"தலைவர் யாரையும் பாக்குற நெலமையில இல்ல. மனசு ஒடைஞ்சி இருக்காவ. என்னன்னு சொல்லுங்க, நான் கேட்டுச் சொல்லுதேன்."

எதைக் கேட்டாலும் மேலே போவான். ஐந்து நிமிடத்தில் இறங்கி வருவான். "ஆகட்டும்னு சொல்லிட்டாவ" என்பான். பதவியை ராஜினாமா செய்கிறாரா? ஆகட்டும். புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கப் பொதுக்குழு கூட்டலாமா? ஆகட்டும். எனக்கு அந்த வார்த்தைதான் முதலில் உறுத்தியது. முப்பது வருசம் அவரோடு இருந்திருக்கிறேன். கெட்ட வார்த்தை சேராமல் ஒரு பதில் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

எதிரே டீக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருநாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மேல ஒரு நாளைக்கு ரெண்டு டீ போவுது. ரெண்டும் அப்படியே ஆடை கட்டித் திரும்பி வருது. ஆனா தம்ளர் ஓரத்துல வாய் வச்ச தடம் இருக்குவே. வாய்ல வாங்கிட்டு உள்ள போவாத மாதிரி இருக்கு."

"நீரு போய்ப் பாக்க வேண்டியதுதான?"

"கம்பிக் கதவுக்கு இங்கனயே வாங்கிட்டு அனுப்பிருதாங்க. நான் டீக்கடைக்காரன். நீங்கதான் கட்சி."

இன்னொன்றும் இருந்தது. தலைவருக்கு மேலே குறுக்கும் நெடுக்கும் நடக்கிற பழக்கம். அவர் நடந்தால் கீழே எங்கள் மேசையில் உத்திரத்துக் காரை தூளாக உதிரும். தினமும் காலையில் மேசையைத் துடைப்பது என் வேலை. தோற்ற நாளிலிருந்து பத்து நாள் மேசை சுத்தமாக இருந்தது. அதில் கை வைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

இங்கே எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முத்துக் குளித்த காலத்திலிருந்து எங்கள் கரையில் ஒரு வழக்கம். தண்ணீருக்குள் இறங்குகிறவனுடைய கயிற்றை வள்ளத்தில் நின்று பிடிப்பவன் அவன் மனைவியின் கூடப்பிறந்தவனாக இருப்பான். தன் அக்காவோ தங்கையோ தாலியறுக்க எவனும் சம்மதிக்கமாட்டான், அதனால் கயிற்றை விடமாட்டான் என்று கணக்கு. முத்து போய்விட்டது. இப்போது சங்குக்கு இறங்குகிறார்கள், வாயில் காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு. வள்ளத்தில் கம்ப்ரஸர் ஓடும். ஆனாலும் இடுப்பில் ஒரு கயிறு உண்டு, அதைப் பிடிக்க மச்சான் உண்டு. கீழேயிருந்து ஒரு இழுப்பு வந்தால் எல்லாம் சரி. இரண்டு இழுப்பு வந்தால் தூக்கு. வேறு பேச்சு கிடையாது.

அதனால்தான் அடுத்த தலைவர் யார் என்று பேச்சு வந்தபோது, தூண்டில்காரன், வலைக்காரன், சங்குக்காரன் எல்லாரும் ஒன்றே சொன்னார்கள். மச்சான் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு? வேறு கட்சிக்காரன் கேட்டால் சிரிப்பான். எங்களுக்கு அது சிரிப்பில்லை. உப்பளத்துப் பக்கமிருந்து வந்த ஒரு வாத்தியார் போட்டியிடுவதாக இருந்தார். நல்ல மனுசன், பேசத் தெரிந்தவர். ஆனால் அவர் யாருக்கும் கயிறு பிடித்ததில்லை.

நான் பிடித்திருக்கிறேன். பதினோரு வருசம் என் தங்கச்சி புருசனுக்கு. என் தங்கச்சி இன்று விதவை.

ஊருக்குச் சொன்ன கதை இது: திடீர் நீரோட்டம், கயிறு கடலடிப் பாரின் பாறையில் சிக்கியது, இழுத்தும் வரவில்லை. நடந்தது வேறு. எனக்குப் போன் வந்தது. என்ஜின் சத்தத்தில் கேட்காது என்று கயிற்றைக் காலுக்குக் கீழே மிதித்துக்கொண்டு வள்ளத்தின் முன்பக்கம், அணியத்துப் பக்கம் திரும்பி நின்று பேசினேன். பின்னால் கம்ப்ரஸர் பெல்ட் நழுவிக் காற்று நின்றிருக்கிறது. தண்ணீரில் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் என் வேலை. நான் பார்க்கவில்லை. காலுக்குக் கீழே கயிறு இழுத்தது. அலையில் வள்ளம் ஆடுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போனில் பேசியது தலைவர். கூட்டத்துக்கு லாரி ஏற்பாடு செய்யச் சொன்னார். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் என் தோளில் கை போட்டு, "நீரோட்டம்னு சொல்லு. எம் பேர இதுக்குள்ள கொண்டு வராத" என்றார். சொன்னேன். தங்கச்சி நம்பினாள். பிறகு அவரே அவளைக் கட்சியில் மகளிர் அணிக்குச் செயலாளராக்கினார்.

பொதுக்குழு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து காலை பத்து மணிக்கு. அலுவலகக் கூடத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். தேர்தலுக்குச் செய்த தலைவரின் கட்டவுட் ஒன்று மிச்சம் இருந்தது. கூடத்தின் உயரத்துக்கு நிற்கவில்லை என்று சுவரோரமாகப் படுக்கவைத்திருந்தார்கள். படுத்தபடி கை கூப்பிச் சிரித்துக்கொண்டு எங்கள் எல்லாருடைய முழங்காலையும் பார்த்தார். அதற்குப் பக்கத்தில் அவர் நாற்காலி காலியாக, முதுகில் கட்சித் துண்டு. முன்வரிசையில் தலைவரின் மனைவி. தலை நிமிரவே இல்லை. என் தங்கச்சி மூன்றாவது வரிசையில், பெண்களோடு.

மச்சான் எழுந்தான். "தலைவரால கீழ வர முடியல. ஆனா உங்ககிட்ட பேசியிருக்காவ" என்று சொல்லித் தன் போனை ஸ்பீக்கரோடு இணைத்தான்.

கடற்கரைச் சொந்தங்களே என்று தலைவரின் குரல் ஆரம்பித்தது. கூடத்தில் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். குரல் அச்சு அசல். தோல்விக்குத் தானே பொறுப்பு என்றது. தனக்கு ஓய்வு வேண்டும் என்றது. இனி என் மச்சானின் தலைமையில் நீங்கள் அனைவரும் நடக்க வேண்டும் என்றது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். வாத்தியார் வேட்புமனுவுக்கு எழுதி வைத்திருந்த தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மூச்சு எண்ணுகிற பழக்கம் என்னை விடவில்லை. குமிழி பார்த்துப் பார்த்து வந்த நோய் அது. பிரசங்கத்தில் சாமியார் மூச்சை எண்ணுவேன். பஸ்ஸில் பக்கத்தில் தூங்குகிறவன் மூச்சை எண்ணுவேன். தலைவர் இளவயதில் சங்கு குளித்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர். நாலு வார்த்தைக்கு ஒருமுறை இழுப்பார், உடைந்த விசில் மாதிரி. ஊரில் சின்னப் பிள்ளைகள்கூட அப்படிப் பேசிக் காட்டும். இந்தக் குரல் அவர் குரல்தான். ஆனால் ஒரு மூச்சுகூட இழுக்கவில்லை. இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசியது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். எண்ணிக்கை ஒன்றைத் தொடவே இல்லை.

"தலைவருக்குத் தொண்டை நல்லாயிட்டு போல" என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.

அப்போதுதான் மாடியில் சத்தம் கேட்டது. டொக், டொக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டொக், டொக். காரை கொஞ்சம் உதிர்ந்து மேசையில் விழுந்தது. பத்து நாளில் முதல் தூள். ஸ்பீக்கரில் தலைவர் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்னலே அது சத்தம்?"

"தண்ணித் தொட்டி நெறையுது" என்றான் மச்சான். போனில் சத்தத்தைக் கூட்டினான்.

தண்ணீர்த் தொட்டி இரண்டு இரண்டாகத் தட்டாது. அது அந்தக் கூடத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். அவர்களுக்கெல்லாம் கயிறு பிடித்த கை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் எல்லாரும் ஸ்பீக்கரைப் பார்த்தார்கள்.

குரல் முடிந்தது. கூட்டத்தை நடத்திய மூத்த நிர்வாகி, "எதுக்கு ஓட்டுப் பெட்டியெல்லாம்? கைய தூக்கிருவோம். மச்சான் கையில கயிறு இருந்தா தலைவர் கையிலயே இருந்த மாதிரி. மச்சான் விட்டுற..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். எங்கள் வீட்டுத் துக்கத்தைக் கிளறிவிட்டோமே என்று அவருக்கு மரியாதை. அந்த மரியாதைதான் என்னை எழுப்பியது. மேலே மறுபடி இரண்டு கேட்டது. முன்பைவிட மெதுவாக.

"தலைவரப் பாக்கணும்" என்றேன்.

"அதான் பேசிட்டாவளே" என்றான் மச்சான்.

"அதுல மூச்சு இல்ல."

சிலர் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தான். "ஏ அண்ணாச்சி, நீரு மூச்சு பாத்த லட்சணம் ஊருக்கே தெரியுமே. உக்காரும். நான் எங்க அக்காவுக்குக் கூடப்பொறந்தவன். எங்க அத்தானுக்கு நான் கெடுதல் பண்ணுவனா?"

"பண்ணுவ" என்றேன். "நான் பண்ணுனேன்."

தங்கச்சியைப் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் சொல்லும்போது கண் அவளிடம்தான் போனது. நீரோட்டம் இல்லை என்றேன். போன் பேசினேன் என்றேன். கயிறு என் காலுக்குக் கீழே கிடந்தது, அது இழுத்தது எனக்குத் தெரியும், நான் திரும்பவில்லை என்றேன். "மச்சான்னா விடமாட்டான்னு நீங்க எல்லாரும் சொல்லுதீங்க. நான் விட்டேன். மேல இப்ப ரெண்டு ரெண்டா கேக்குது. உங்க எல்லாருக்கும் கேக்குது."

போனில் யார் என்று அன்று சொல்லவில்லை. மேலே தட்டிக்கொண்டிருந்த மனுசனை அந்த நேரத்தில் இழுக்க வாய் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

மச்சான்தான் முதலில் வாயைத் திறந்தான். "இவரு பாவத்துக்கு இவரு பாவமன்னிப்பு கேக்க வேண்டிய எடம் கோயிலு. நாம நம்ம வேலையப் பாப்போம். கைய தூக்குங்க."

தங்கச்சி எழுந்தாள். என் பக்கம் வருகிறாள், அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். என்னைத் தாண்டிப் போய்த் தலைவரின் மனைவி முன்னால் நின்றாள்.

"சாவியக் குடுங்க மைனி."

அந்த அம்மா தம்பியைப் பார்த்தது. பிறகு தங்கச்சியின் வெறும் கழுத்தைப் பார்த்தது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தது. "கூட்டம் முடியட்டும், பெறவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்னு தம்பி சொன்னான்" என்றது. "எண்ணெ தேய்க்க ஆள் கூட்டிட்டு வந்தான்" என்றது. அதற்குள் நாங்கள் படியில் இருந்தோம். நான், தங்கச்சி, நாலைந்து பெண்கள், கடைசியாக வாத்தியார்.

அறை ஜன்னல் எல்லாம் அடைத்திருந்தது. தைல வாடை. கட்டில் காலியாக இருந்தது. தலைவர் தரையில் கிடந்தார், இடது பக்கம் முழுக்கச் செத்து, வாய் ஒரு பக்கம் இழுத்து. வலது கையில் எவர்சில்வர் தம்ளர். அதன் அடி நசுங்கியிருந்தது. எங்களைப் பார்த்த பிறகும் கை நிற்கவில்லை. டொக், டொக். தம்ளரைப் பிடுங்க வேண்டியிருந்தது. அப்போது அவர் மூச்சைக் கேட்டேன். உடைந்த விசில். அதை மட்டும் அந்த ஸ்பீக்கர் குரலால் செய்ய முடியவில்லை.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, துண்டால் கட்டி, இறக்கினோம். கம்பிக் கதவைத் தாண்டிக் கூடத்துக்குள் வந்தோம். கூடம் முழுக்கக் கை தூக்கியிருந்தார்கள். நாங்கள் மேலே போன நேரத்தில் ஓட்டெடுப்பு ஆரம்பித்துவிட்டது. அத்தனை கைகளுக்கும் நடுவில், சுவரோரம் படுத்துச் சிரிக்கிற தன் முகத்துக்கு முன்னால், அவரைத் தூக்கிக்கொண்டு போனோம். யாரும் கையை இறக்கவில்லை. கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் தூக்கிய கையை நெற்றிக்குக் கொண்டுபோய்ச் சிலுவை போட்டுக்கொண்டார்.

மச்சான் ஜெயித்தான். இப்போது அவன்தான் தலைவர். தலைவர் சொல்லித்தான் தேர்ந்தெடுத்தோம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அந்தக் குரல் எப்படி வந்தது என்று கேட்டேன். ஐ.டி. அணியில் ஒருவன், "பழைய பேச்செல்லாம் போட்டா கம்ப்யூட்டரே பேசிரும். அவரு மனசுல இருந்ததத்தான பேசுச்சு" என்றான். கன்னத்தில் அறைந்துவிட்டேன். என்னைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள்.

தலைவரைக் கொண்டுபோய்ச் சேர்த்த அன்று ஆஸ்பத்திரிப் படியில் தங்கச்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கேட்டாள்.

"எத்தன தடவ இழுத்தாரு?"

"ரெண்டு."

"ரெண்டு இழுப்பா, ரெண்டு ரெண்டாவா?"

பொய் சொல்லியிருக்கலாம். "ரெண்டு ரெண்டா" என்றேன். "மூணு வாட்டி."

தலையை ஆட்டினாள். எழுந்து போனாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. பக்கத்து வீடுதான். அவள் வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் தினமும் கேட்கும். குழம்பு மட்டும் அவள் மகள் கையில் ஒருநாள் கொடுத்துவிட்டாள். பாத்திரத்தைக் கழுவி வாசலில் வைத்தேன். எடுத்துக்கொண்டாள்.

தலைவருக்கு உயிர் இருக்கிறது, பேச்சு இல்லை. குருசடிச் சிலுவைக்குப் பக்கத்தில் அவருடைய அண்ணன் வீட்டில் வைத்திருக்கிறார்கள். மனைவிதான் பார்த்துக்கொள்கிறது. சாயங்காலம் நான் போவேன். வலது கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். அவர் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. அதை அவரிடம் சொல்லியும் இருக்கிறேன். கேட்டுக்கொண்டார்.

உள்ளாட்சித் தேர்தலுக்கு இப்போதே ஆட்டோ சுற்றுகிறது. மேலே ஸ்பீக்கர் கட்டி, அதில் அவர் குரல். இந்தத் தேர்தலைப் பற்றியும் பேசுகிறது, புதுச் சாலையைப் பற்றியும் பேசுகிறது. அவர் வாய் விழுந்த பிறகு நடந்ததையெல்லாம் பேசுகிறது. ஆட்டோ தெருமுனையில் திரும்பி ஜன்னலை நெருங்கும்போது அவர் கண் கூரையில் நிற்கும். என் விரலை இரண்டு முறை இழுப்பார். இடைவெளி விட்டு, மறுபடி இரண்டு.

கயிறு கைக்கு வந்துவிட்டது என்று கீழே இருப்பவனுக்குத் தெரியவேண்டும். அதற்கு மேலேயிருந்து ஒரு இழுப்பு திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுதான் முறை. நான் கொடுக்கிறேன். பிறகு இரண்டு கையாலும் அவரைப் பிடித்து இழுத்துத் தலையணையில் சாய்த்து உட்காரவைக்கிறேன். எனக்குத் தெரிந்த தூக்கு அவ்வளவுதான். அவர் மூச்சை இழுத்து இழுத்து விடுகிறார். நான் எண்ணுகிறேன். வெளியே அவர் குரல் மூச்சே விடாமல் அடுத்த தெருவுக்குப் போகிறது.